ஆறு அங்குலத் துணி

1

இங்கே எனக்குச் சம்பளம் கொடுப்பது துணியைத் தேய்ப்பதற்கு.

வந்த புதிதில் வீட்டுக்கு இப்படித்தான் எழுதினேன். தாம்பரத்தில் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். பி.எஸ்ஸி. படிக்கவைத்துக் கப்பலேற்றி அனுப்பிய பிள்ளை சீமையில் போய் இஸ்திரி போடுகிறானே என்று. அடுத்த விமானத் தபால் நீலத்தாளில் ஓரமெல்லாம் நுணுக்கி நுணுக்கி விளக்கம் எழுதினேன். புரிந்த மாதிரி பதில் வந்தது. புரியவில்லை என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இது இங்கிலாந்தின் வடக்கே, கம்பளி நெய்கிற ஊர். ஓர் ஆலையின் சோதனை அறையில் எனக்கு வேலை. புதிதாக நெய்து வரும் துணியில் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு வட்டமாக வெட்டுவோம். அதை இயந்திரத்தில் மாட்டி, மேலே எடை வைத்து, முரட்டுக் கம்பளியின்மேல் உரசவிடுவோம். ஒரு சின்ன மீட்டர் எண்ணிக்கொண்டே போகும். நான் அவ்வப்போது நிறுத்தி, இடது முழங்கையை மேஜையில் ஊன்றி, லென்ஸ் வைத்துக் குனிந்து பார்ப்பேன். ஒரு நூல் அறுந்தால் பரவாயில்லை, ஓடட்டும். இரண்டாவது நூல் அறுந்தால் அந்தத் துணியின் கதை முடிந்தது. எத்தனை ஆயிரம் உரசலில் முடிந்தது என்று எழுதி மேலே அனுப்புவேன். காலையிலிருந்து மாலைவரை இதே வேலை. எனக்குப் பிடித்திருக்கிறது, உண்மையாகவே.

இந்தத் தேய்மானத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் 'வேர்'. தமிழில் எழுதினால் மரத்தின் வேர் மாதிரி ஆகிவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உடுத்துவதற்கும் அவர்களுக்கு அதே சொல்தான். நாம் வேட்டி கட்டுகிறோம், சட்டை போடுகிறோம், செருப்பு மாட்டுகிறோம், பூ வைக்கிறோம், மூக்குக்கண்ணாடி போடுகிறோம். இவர்களுக்கு எல்லாம் ஒன்றே. தாடியையும் உடுத்துகிறார்கள், சிரிப்பையும் உடுத்துகிறார்கள். படிக்கட்டின் நடு குழிந்துபோனாலும் அதே சொல். பொறுமை மெலிந்தாலும் அதே. ஆள் களைத்து உருக்குலைந்து வந்தாலும் அதே. இதற்கென்றே ஒரு நோட்டுப் போட்டு ஆசை ஆசையாக எழுதி வைத்தேன்.

அதில் ஒன்றுதான் என்னை நிறுத்தி வைத்தது. தேய்கிறது என்று சொல்லும் அதே சொல்லால் இவர்கள் தாங்குகிறது என்றும் சொல்கிறார்கள். எங்கள் மேஸ்திரி ஹாரி, நாற்பது வருஷம் கம்பளியிலேயே கிடந்தவர், முதல் குளிர்காலத்தில் என் கோட்டின் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். நல்ல துணி, இது 'வேர்' ஆகும் என்றார். நான் பதறிவிட்டேன். இல்லையப்பா, நன்றாகத் தாங்கும் என்கிறேன், உன்னை வழியனுப்பிவிட்டுத்தான் இது ஓயும் என்றார். துணிக்கு இங்கே அதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது.

அது என் கோட்டு இல்லை, அப்பாவுடையது என்றேன். அப்பாவும் நல்ல ஆள்தான் போலிருக்கிறது என்றார்.

நேற்று தங்கை கிரேஸிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா போய் வருஷம் திரும்பிய வாரம் எழுதியது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

எங்கள் தெருவில், கிழக்குத் தாம்பரத்தில், பாதிக்குமேல் கிறிஸ்தவக் குடும்பங்கள். ஆசிரியர்கள், ரயில்வே குமாஸ்தாக்கள், இரண்டு நர்ஸுகள். எல்லார் வீட்டிலும் ஒரு கல்யாணக் கோட்டு உண்டு. அந்தக் கோட்டு இரண்டு நாளைக்குத்தான். ஒன்று கல்யாணத்தன்று. மற்றது பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் அன்று. நடுவில் முப்பது நாற்பது வருஷம் அது டிரங்குப் பெட்டியில் அந்துருண்டையோடு படுத்துக் காத்திருக்கும். யாருக்கும் இது விசித்திரமாகத் தெரியாது. அம்மாவின் வெள்ளைப் புடவையும் அதே பெட்டியில்தான். வருஷத்துக்கு ஒருமுறை கோடையில் இரண்டையும் வெயிலில் காயவைப்பார்கள், வடகத்துக்குப் பக்கத்திலேயே.

அப்பா பெரிய ஆள். மார்பு நாற்பத்திரண்டு அங்குலம். பீச் ஸ்டேஷன் பக்கம் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. மின்சார ரயிலில் அவர் ஏறினால் பெட்டியில் இரண்டு பேருக்கு இடம் குறையும் என்று கூட வருகிறவர்கள் கேலி செய்வார்கள். கோயில் க்வயரில் கடைசி வரிசையில் கட்டைக் குரல் பாடுவார். பக்கத்தில் அதே கட்டைக் குரலில் எதிர்வீட்டுத் தேவசகாயம் மாமா. அவரும் அதே பருமன். பின்வரிசை பெஞ்சு அவர்கள் இருவருக்கே சரியாக இருக்கும்.

அறுபத்தொன்பதில் எனக்கு இங்கே வேலை உறுதியானதும் குளிருக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. அப்பா எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பேண்ட் எப்போதோ அந்துப்பூச்சிக்குப் போய்விட்டது. கோட்டு மட்டும் அப்படியே இருந்தது, கறுப்பாக, கனமாக. அம்மா, அது எதற்கு வைத்திருக்கிறது என்று மட்டும் கேட்டார். அப்பா தூசியைத் தட்டினார்.

மறுநாள் ரயில் கேட்டைத் தாண்டி மேற்கே மார்க்கெட் தெருவுக்குப் போனோம், காசிம் பாய் கடைக்கு. பாய் கோட்டைத் திருப்பிப் போட்டு உள்தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"இன்னா சார், ராஜா கணக்கா கீது துணி. இதுல போய் கத்திரி வெக்கச் சொல்றீங்களே."

"பையன் குளிர்ல போறான் பாய். எனக்கு இப்ப எதுக்கு?"

பாய் என்னை அளந்தார். முப்பத்தாறு. எங்கும் எலும்புதான் என்று முணுமுணுத்துக்கொண்டார். "ஆறு இஞ்ச் கொறைக்கணும். துணிய உள்ளாறவே மடிச்சி வுட்டுடறேன் தம்பி. நாளிக்கு சதை போட்டா பிரிச்சிக்கலாம். அப்பாவுக்கே வேணும்னாலும் பிரிச்சிக்கலாம்."

எல்லாத் தையற்காரரும் செய்வதுதான். நம் ஊரில் உள்ளே துணி விடாமல் யார் தைக்கிறார்கள்? பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து கல்யாண ரவிக்கைவரை உள்ளே ஒரு மடிப்பு காத்துக்கொண்டிருக்கும். ஆனால் நான் அப்போது ஆங்கிலப் பத்திரிகைகளில் கோட்டுப் படங்களைப் பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஆள். உள்ளே மடிப்பிருந்தால் முதுகு புடைத்துக்கொண்டு நிற்கும், விழவேண்டிய மாதிரி விழாது என்று விளக்கினேன்.

"வெட்டிடுங்க பாய்," என்றேன்.

பாய் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா வெளியே போகிற ஜட்காவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெட்டுங்க. அவன்தானே போட்டுக்கப் போறான்."

வெட்டி எடுத்த துண்டுகளைப் பாய் சுருட்டி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது ரயில் கேட்டு மூடியிருந்தது. நின்றோம். அப்பா தானாகச் சொன்னார், ஏதோ ரயில் நேரம் சொல்கிற மாதிரி. "எனக்கு வேணுங்கற அன்னிக்கு முதுகைக் கிழிச்சு முன்பக்கமா மாட்டிவிடுவாங்க. அதெல்லாம் நடக்கறதுதான். யாரு திருப்பிப் பார்க்கப் போறா?"

நான் சிரித்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது.

3

இங்கே வந்த பிறகு அப்பா எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும் ஒரு வரி இருக்கும்: கோட்டு எப்படி இருக்கிறது? நான் குளிரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். பனி எப்படிக் கொட்டுகிறது, ஹாரி என்ன சொன்னார், 'வேர்' என்ற சொல்லுக்கு இன்று என்ன புது அர்த்தம் கிடைத்தது என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். கோட்டு நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி போடுவேன்.

எழுபத்தொன்று ஜூனில் கிரேஸ் எழுதினாள். அப்பாவுக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை, மருந்து சாப்பிடுகிறார், கவலைப்பட ஒன்றுமில்லை. கடைசியில், மடிக்கிற இடத்தில்: அப்பா அந்தக் கோட்டை அனுப்ப முடியுமா என்று கேட்கச் சொன்னாங்க அண்ணா, அவசரம் ஒன்றும் இல்லையாம்.

நான் அன்றைக்கே பதில் போட்டேன். நல்ல உற்சாகத்தில் இருந்தேன். நாற்பத்திரண்டிலிருந்து முப்பத்தாறைக் கழித்து, கணக்குப் போட்டு, அப்பாவின் வயிற்றுக்கு ஒரு பொத்தான்கூட எட்டாது என்று கேலியாக எழுதினேன். அடுத்த வருஷம் வரும்போது இங்கிருந்தே புதுக் கோட்டு, அவர் அளவுக்கு, கையோடு கொண்டுவருகிறேன் என்று எழுதினேன்.

எல்லாம் சரியான கணக்கு. ஆனால் அது முழு உண்மை இல்லை. செப்டம்பரில் எனக்கு ஒரு நேர்காணல் இருந்தது, ஒரு படி மேலே உள்ள வேலைக்கு. என்னிடம் இருந்த நல்ல உடுப்பு அது ஒன்றுதான். முதுகைக் கிழித்து மாட்டலாம் என்று அவர் ரயில் கேட்டில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. எழுதும்போதே நினைவிருந்தது.

அந்தக் கடிதத்தைக் கிரேஸ் அவருக்கு வாசித்துக் காட்டினாளாம். கட்டிலில் சாய்ந்து கேட்டுவிட்டு, கணக்கில் அவன் புலிதான் என்று சிரித்தாராம். இதைப் பிற்பாடு சொன்னார்கள். அப்போது அவர் கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருந்ததையும் பிற்பாடுதான் சொன்னார்கள். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு எதையும் எழுதக்கூடாது, வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவான் என்று ஒரு சட்டம் நம் வீடுகளில் இருக்கிறதே, அதன்படி.

நேர்காணலில் வேலை கிடைத்தது. நவம்பரில் தந்தி வந்தது.

4

ஹாரி என் தோளில் கைவைத்துச் சொன்ன ஆறுதலிலும் அதே சொல் இருந்தது. துக்கமும் மெல்ல மெல்ல 'வேர்' ஆகிப் போகுமாம். அன்று நோட்டில் எழுதவில்லை.

போட்டோ வந்தது ஐந்து வாரம் கழித்து. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெட்டியை மூடுவதற்கு முன் வாசலில் வைத்து, தலைப்பக்கம் சற்று உயர்த்தி, குடும்பம் முழுவதும் சுற்றி நின்று ஒரு படம். வரமுடியாத பிள்ளைக்கு அனுப்புவதற்காகத்தான் அது. ஸ்டேஷன் ரோடு ஸ்டுடியோக்காரர் எடுத்திருந்தார். அன்று மழை. மேலே யாரோ பிடித்த குடையின் ஓரம் படத்தில் விழுந்திருந்தது.

நான் முதலில் வேறு யாருடைய படத்தையோ அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு அம்மாவைக் கண்டேன், கிரேஸைக் கண்டேன். அப்படியானால் நடுவில் இருப்பது அவர்தான்.

கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். கோட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் என் கை முழுசாகப் போகும். கோட்டின் கைகள் விரல் கணுவரை இறங்கியிருந்தன. மார்பில் தொளதொளவென்று கிடந்த துணியை இரண்டு பக்கமும் உள்ளே செருகியிருந்தார்கள்.

எனக்கு இதுதான் வேலை. துணியைப் பார்த்தால் அளவு சொல்வேன். லென்ஸை எடுத்து அந்தத் தோளை, அந்த மார்பை, திரும்பத் திரும்ப அளந்தேன். முப்பத்தாறு. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காசிம் பாய் எனக்கு அளந்த அளவுக்கே அப்பா வந்து சேர்ந்திருந்தார். முதுகைக் கிழித்திருக்க வேண்டியதே இல்லை. பொத்தான் போட்டிருக்கலாம்.

ஜூனில் அனுப்பியிருந்தால்? சூயஸ் மூடிக் கிடக்கிறது, கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போகும், மூன்று மாதம். அப்படியும் செப்டம்பரில் போய்ச் சேர்ந்திருக்கும். இந்தக் கணக்கையும் போட்டேன்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்தால் நான் மாட்டுகிற இடம். அந்தக் குளிர்காலம் முழுவதும், கதவைத் திறந்து உள்ளே வரும்போதெல்லாம் ஒரு கணம், ஆபீஸிலிருந்து வந்த அப்பா இன்னும் உட்காராமல் நிற்கிறார் என்று தோன்றும். வேறு கோட்டு வாங்கலாம். வாங்கவில்லை. அதையே போட்டுக்கொண்டு போனேன், சோதனை அறையிலும் கழற்றாமல். போடாமல் விட்டால் அறையில் அது தனியாக இருக்கும்.

5

அப்பா போட்டிருந்தது யாருடைய கோட்டு என்று கேட்டு எழுதினேன். அம்மாவே பதில் எழுதினார், கோணல் கோணலாக. தேவசகாயம் மாமா அன்று காலை தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து, தன் கல்யாணக் கோட்டை எடுத்துவந்து கொடுத்தாராம். அவர் மனைவி வாசலில் நின்று ஏதோ சொல்லப்போய் நிறுத்திக்கொண்டாராம். காசிம் பாய் வெட்டிய துண்டுகளை அப்பா பைபிள் உறைக்குள் வைத்திருந்தாராம். அதை எடுத்து அம்மா அவர் கைக்கடியில் வைத்தாராம்.

அந்த ஆறு அங்குலம் மட்டும் அப்பாவோடு போயிருக்கிறது. மிச்சத்தை நான் உடுத்திக்கொண்டிருந்தேன்.

தேவசகாயம் மாமாவுக்கு எழுதினேன். உங்களுக்கென்று வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டீர்கள், அப்பாவின் கோட்டை அனுப்புகிறேன், வைத்துக்கொள்ளுங்கள் என்று. பதில் வந்தது.

"தம்பி, கடிதம் கிடைத்தது. உங்கப்பன் போட்டோவைப் பார்த்துவிட்டு என்னையும் அந்த அளவு என்று நினைத்துவிட்டாயா? நான் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன். அதுவரை நீயே போடு. பெட்டியில் மட்டும் வைக்காதே."

அதிலிருந்து ஊர்க் கடிதம் என்றாலே பிரிக்கப் பயம். கிரேஸ் நடுவில் எங்காவது எழுதுவாள்: மாமாவுக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். மாமா இளைத்துவிட்டார். க்வயர் பெஞ்சில் இப்போது மாமாவோடு இன்னொருவரும் உட்காருகிறார். அவள் சாதாரணமாகத்தான் எழுதுவாள். எனக்கு அது மீட்டர் ஓடுகிற சத்தமாகக் கேட்கும்.

இந்த அக்டோபரில் ஓர் அட்டை வந்தது. விமானத் தபால். மாமாவின் கையெழுத்து.

"இன்று காசிம் பாய் கடையில் அளந்தேன். முப்பத்தாறு. அனுப்பு."

அட்டையைப் படித்ததும் வேலைக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பினேன். கோட்டைத் துலக்கினேன். லென்ஸ் வைத்து முழுசும் பார்த்தேன், பழக்கம். வேறெங்கும் குறையில்லை. இடது முழங்கையில் மட்டும் பளபளவென்று தேய்ந்து ஒரு நூல் அறுந்திருந்தது. ஒரு நூல்தான். எங்கள் விதிப்படி துணி இன்னும் உயிரோடு இருக்கிறது.

தபாலாபீஸில் சுங்கச் சீட்டு நிரப்பச் சொன்னார்கள். என்ன பொருள்? கோட்டு. புதியதா, உடுத்தியதா? கவுண்டரில் இருந்த பெண் கேட்டது அந்தச் சொல்லைத்தான். மூன்று வருஷமாக நோட்டுப் போட்டுச் சேர்த்த ஆள் நான், பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை நீண்டது. எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள், எழுதுங்கள் என்று அவளே சொன்னாள். எழுதினேன். கப்பலிலா என்றாள். விமானத்தில் என்றேன். பழைய கோட்டுக்கா என்கிற மாதிரி பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள்.

திரும்பி நடக்கும்போது குளிர் நேராக மார்பில் வந்து உட்கார்ந்தது. மூன்று வருஷமாக அது என்மேல் படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு காத்திருந்தேன். தந்திக்காரன் எந்தத் தெருவில் சைக்கிளை நிறுத்தினாலும் எனக்குத்தான் என்று தோன்றியது.

6

நேற்று வந்த கடிதத்தைக் கிரேஸ் எழுதியபடியே தருகிறேன்.

"அண்ணா, பார்சல் வந்தது. மாமா உயிரோடு நன்றாக இருக்கிறார், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ எதையாவது நினைத்துக்கொண்டிருப்பாய். அப்பாவுக்கு வருஷம் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தோம். முதல் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தோம். அம்மா எழுந்தவங்க அப்படியே உட்கார்ந்துட்டாங்க. என்னம்மா என்றால் க்வயரைக் காட்டினாங்க. பின்வரிசையில் அப்பா கோட்டு. மாமா போட்டுக்கொண்டு நின்று பாடுகிறார். இந்த வெயிலில். அப்பா நிற்கிற இடத்திலேயே நின்றார்.

"வெளியே வந்ததும் மாமா நேராக அம்மாவிடம் வந்தார். 'கோவிச்சுக்காதீங்கம்மா. பெட்டியில வெச்சு வெச்சுத்தானே ரெண்டு பேரும் ஏமாந்தோம். இந்தக் கோட்டு எனக்குக் கடைசியில எதுக்குன்னு தெரியும். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போட்டுக்கறேன். அவன் பாடாத பாட்டெல்லாம் பாக்கி இருக்கு' என்றார். மாமி பக்கத்தில் நின்று அழுதுகொண்டே, வேர்த்துக் கொட்டுது, கழட்டுங்க என்று திட்டினாங்க.

"அம்மா கோட்டின் காலரைத் தொட்டுப் பார்த்தாங்க. பொத்தானைத் தொட்டாங்க. அப்புறம் இடது முழங்கையில் கை வந்ததும் நின்றுவிட்டாங்க. அங்கே தேய்ந்து வெளுத்திருக்கிறது இல்லையா, அதையே தடவிக்கொண்டிருந்தாங்க. மாமா, பாயிடம் சொல்லி ஒட்டுப் போட்டுவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றாங்க, சட்டென்று. 'இது அவங்க தேய்ச்சது இல்ல. அவங்க இதை ஒருநாளுக்கு மேல போட்டதே இல்ல. இது தம்பி. இடது கையை இப்படி ஊனிக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்திருக்கான்,' என்று மாமாவின் கையைப் பிடித்தபடியே குனிந்து காட்டினாங்க.

"வீட்டுக்கு வரும் வழியில் அம்மா ரயில் கேட்டில் நிற்கும்போது சொன்னாங்க. 'அவன் என்ன வேலை செய்யறான்னு எனக்கு இப்பத்தான் தெரியுது.'"